சுயும்கான் குதிரையை நடத்திப் போகிறாள்

கடையைத் தாண்டும்போது சுயும்கான் கடிகாரத்தைப் பார்ப்பாள். ஏழு நிமிடம். பள்ளிக்கூட வேலி பத்து. பாலம் பன்னிரண்டரை. பாலத்தருகே திரும்புவாள். திரும்புவது என்றால் சும்மா திரும்புவதல்ல. லாரி திருப்புகிற மாதிரி தார்ச்சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வளைந்து, கூட வரும் சிவலைக் குதிரை உடம்பை ஒடிக்காமல் திரும்பும்படி பார்த்துக்கொள்வாள். பிறகு வந்த வழியே இன்னொரு பன்னிரண்டரை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. யார் கூப்பிட்டாலும் நிற்க மாட்டாள். கடைக்காரி உள்ளேயிருந்து ஏதாவது கேட்டால் நடந்தபடியே பதில் சொல்வாள். பதிலில் பாதி கடைக்கும் மீதி அடுத்த வீட்டுக்கும் போய்ச் சேரும்.

அத்-பாஷிப் பள்ளத்தாக்கில் குதிரை வைத்திருப்பவர் தரையில் நடந்தால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். குதிரை கீழே தள்ளியிருக்க வேண்டும், இல்லையென்றால் அதை விற்கக் கொண்டுபோக வேண்டும். சேணமில்லாத குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, ஒரு நாளைக்கு இரண்டு தடவை, எங்கேயும் போகாமல் போய்வருவதை இந்த ஊர் இதற்குமுன் பார்த்ததில்லை. முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு காரும் நின்றது.

"அக்கா, பக்கத்துலயே நாலு காலு வருது. நீங்க ஏன் ரெண்டு கால்ல நடக்குறீங்க?"

"நாலு இல்ல தம்பி, மூணரைதான்."

கேட்டவன் குனிந்து பார்ப்பான். நான்கு கால்களும் முழுசாகவே இருக்கும். தலையைச் சொறிந்துகொண்டு வண்டியை எடுப்பான்.

சுயும்கானின் வேலை மீட்டர் ரீடிங் எடுப்பது. மின்சார அலுவலகத்துக்காக இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போகிறாள். முந்நூற்று நாற்பது வீடு, ஒரு மாவு மில், ஒரு மசூதி. இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட அவள் முன்னே பின்னே எழுதியதில்லை. புளித்த குதிரைப்பால், குமிஸ், கொடுத்துப் பார்த்தார்கள். குடித்துவிட்டு உள்ளதை எழுதினாள். ஆட்டுக்குட்டி கொடுத்துப் பார்த்தார்கள்; குட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு உள்ளதை எழுதினாள். அழுது பார்த்தவர்களோடு கூட உட்கார்ந்து தானும் அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளதை எழுதினாள். "பெட்டி சொல்றதுதான் நான் சொல்றது" என்பாள். அதற்குமேல் அவளிடம் பேச ஒன்றும் இருக்காது.

ஒரு குளிர்காலத்தில், கம்பியை மீட்டருக்கு வெளியே வளைத்து விட்டிருந்த ஒரு வீட்டை எழுதிக் கொடுத்தாள். அது அவள் கணவனின் அண்ணன் மாம்பெத்தின் வீடு. புகுந்த வீட்டு மூத்த ஆண்களின் பெயரை மருமகள்கள் வாயால் சொல்லக்கூடாது என்பதால், அலுவலகத்திலிருந்து போனில் கூப்பிட்டு யார் வீடு என்று கேட்டபோது, "எங்க வீட்டுப் பெரியவர் வீடு" என்றாள். எந்தப் பெரியவர் என்றார்கள். "அதான், பெரியவர்" என்றாள். கடைசியில் ஆட்கள் வந்து, அவள் கை காட்டிய வீட்டின் இணைப்பை வெட்டிவிட்டுப் போனார்கள். மரியாதைக்கு மரியாதை, இருட்டுக்கு இருட்டு. மாம்பெத் மூன்று வாரம் மெழுகுவத்தியில் சாப்பிட்டார். அதன்பிறகு அவருக்குத் தம்பி மனைவிமேல் கோபமும் மதிப்பும் ஒரே அளவில் உண்டு.

சிவலை அவளுடைய குதிரை அல்ல, கணவன் ஜுமாகதிருடையது. அதற்குத் தனியாகப் பெயரும் கிடையாது, நிறம்தான் பெயர். ஆகஸ்ட் கடைசி நாள் திருவிழாவில் ஜுமாகதிர் அதில் ஏறி, ஆட்டுடலைப் பறித்துக்கொண்டு ஓடும் உலாக் ஆட்டம் ஆடினான். ஐம்பத்து நான்கு வயதில் தலையில்லாத ஆட்டுக்காக இருபது பேரோடு இடித்துக்கொள்வது எந்த அறிவில் சேர்த்தி என்று அவள் கேட்டதற்கு, "அது அறிவுல சேர்த்தி இல்ல, ஆட்டத்துல சேர்த்தி" என்றான். யாரும் விழவில்லை. குதிரைக்கு ஒரு கீறல்கூட இல்லை. இரண்டாம் நாள் அவன் அதில் ஏறிக் கடைக்குப் போய்த் திரும்பி வரும்போது, வாசலில் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்த சுயும்கான் கையை நிறுத்தினாள்.

"ஏங்க, இது நொண்டுது."

"எங்க நொண்டுது? நல்லா பாரு."

"பாக்கல. கேட்டேன்."

துள்ளோட்டத்தில் குதிரையின் கால்கள் இரண்டிரண்டாக விழும். தார்ச்சாலையில் அது கடிகாரம் மாதிரிக் கேட்க வேண்டும். ஒரு ஜோடி கனமாகவும் ஒரு ஜோடி லேசாகவும் விழுவதாக அவள் சொன்னாள். பழுதான மீட்டரை மூடியைத் திறக்காமலே உறுமலில் கண்டுபிடிக்கிற காது அது. ஜுமாகதிருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பள்ளத்தாக்கிலேயே குதிரை தேற்றுவதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய மாம்பெத் வந்தார். பின்னங்காலை மேலிருந்து கீழே தடவினார். வீக்கமில்லை, சூடில்லை.

"ஒண்ணுமில்ல. சோம்பேறித்தனம். மனுசங்க மாதிரிதான்" என்றார். அவருக்கு டிராக்டர் ஓட்டிய காலத்திலேயே இடது காது போய்விட்டது; அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சுயும்கான் யாரிடமும் சண்டை போடவில்லை. நரின் நகரத்திலிருந்து கால்நடை டாக்டர் மெலிஸைக் கூட்டி வந்துவிட்டாள். மெலிஸ் ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமான மனிதர், கெட்ட செய்தியைக்கூடப் பஸ் நேரம் சொல்வதுபோல் சொல்வார். குதிரையின் காலில் மேலே ஓரிடத்தில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு ஓட்டச் சொன்னார். இப்போது இரண்டு ஜோடியும் சமமாக விழுந்தன. ஜுமாகதிர் "ஆறிடுச்சு!" என்றான். மெலிஸ் காலின் முடியைச் சிரைத்து, பசை தடவி, ஸ்கேன் மெஷினை வைத்துப் பார்த்தார். சின்னத் திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு ஓட்டை தெரிந்தது.

"எலும்புக்குப் பின்பக்கம் ஒரு நார் ஓடுது. குளம்பு மூட்டு தரையில இடிக்காம தூக்கிப் புடிக்கிறது அதுதான். மேல எலும்புல ஒட்டுற எடத்துல பிஞ்சிருக்கு. இறுக்கமான எடம், வெளிய வீங்காது, சுடாது. கையால தடவுறவங்களுக்குத் தெரியாது."

மாம்பெத் வானத்தைப் பார்த்தார்.

"என்ன பண்ணலாம், டாக்டர்?" என்றாள் சுயும்கான்.

"பிஷ்கெக்ல பந்தயக் குதிரை லாயத்துல அலை அடிக்கிற மெஷின் இருக்கு. காயத்து மேல வெச்சு அடிச்சா சீக்கிரம் கூடும். மூணு தடவை போகணும். லாரியில நின்னுக்கிட்டு கணவாய் ரோட்டுல ஆறு மணி நேரம். போய் ஆறினது வர்றதுக்குள்ள பிஞ்சிடும். அப்புறம், அதோட ரத்தத்தையே எடுத்து, சுத்தி, அதுல தெளியிறத காயத்துல ஊசியா போடுறது. சுத்துற மெஷின் என்கிட்ட இல்ல."

"எங்க வீட்டுல பால் பிரிக்கிற மெஷின் இருக்கே" என்றான் ஜுமாகதிர்.

மெலிஸ் மெஷினிலிருந்த பசையைத் துடைத்தார். "அதுல பாலையே பிரிங்க" என்றார். "அல்மாத்தில ஆபரேஷன் பண்றாங்க. நரம்பை வெட்டி விட்டுடுவாங்க, வலிக்காது. வலிக்கலன்னதும் குதிரை ஆறிடுச்சுன்னு நினைக்கும், நீங்களும் நினைப்பீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து மிச்சத்தையும் பிச்சிடுவீங்க. கடைசியா இருக்கிறது நடை."

"நடைன்னா?"

"கையில புடிச்சு நடத்துறது. நேரான ரோடு, கெட்டித் தரை. சேறு கூடாது, சின்ன வட்டம் கூடாது, மேய அவுத்துவிடக் கூடாது. மீதி நேரம் கொட்டாய்ல நிக்கணும். மொதல்ல அஞ்சு நிமிஷம், அப்புறம் பத்து, வாராவாரம் கொஞ்சம் கூட்டணும். தானியம் கிடையாது, வெறும் புல்லு. உடம்பு கனத்தா காலுக்குக் கேடு."

"எவ்வளவு நாளைக்கு?"

"மார்ச்."

குதிரையை ஏழு மாதம் கட்டிப்போட்டு நடத்துவது என்பதைக் கேட்டு மாம்பெத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரிடமும் வைத்தியங்கள் இருந்தன. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கோடு இழுப்பது, கழுத்தில் கீறிக் கெட்ட ரத்தத்தை இறக்குவது, ஆட்டு வால்கொழுப்பை உருக்கித் தேய்த்து அப்போதுதான் உரித்த தோலைச் சுற்றுவது, ஆற்றில் நிறுத்துவது. மெலிஸ் ஆற்றுக்குச் சரி என்று தலையாட்டினார். கொழுப்பு தேய்த்தால் கெடுதலில்லை, குதிரை வழுவழுப்பாக இருக்கும் என்றார். இரும்பைத் தொட்டால் தான் இனி வரப்போவதில்லை என்றார்.

"இதெல்லாம் எதுக்கு?" என்றார் மாம்பெத், டாக்டர் போனபிறகு. "ஒத்து வரலேன்னா அண்டா இருக்கு."

அவர் சொன்னது விளையாட்டு இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, குளிர்காலம் முழுக்கச் சாப்பிட ஒரு குதிரையை அடிப்பார்கள். அதற்கு சோகும் என்று பெயர். குடும்பத்துக்கு ஒரு கால், அதோடு சேர்ந்த விலா. இந்த வருடம் குதிரை தரவேண்டிய முறை ஜுமாகதிருடையது. சந்தையில் வாங்கலாம் என்று இருந்தவர்களுக்கு, கொட்டாயில் சும்மா நிற்கிற குதிரை கண்ணில் பட்டுவிட்டது. அண்ணனும் தம்பியும் பேசி முடிவு செய்தார்கள். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி சிவலையை ஓட்டிப் பார்ப்பது. நொண்டினால் அன்றே அடித்துவிடுவது, நொண்டாவிட்டால் விட்டுவிடுவது.

"டாக்டர் மார்ச்னு சொல்லியிருக்காரே" என்றாள் சுயும்கான்.

"டாக்டருக்கு நரின்ல கடை இருக்கு, எப்ப வேணும்னாலும் கறி வாங்குவாரு. நாம மார்ச் வரைக்கும் எதைத் திங்கிறது?"

"கெட்டுப்போனது ஒரு காலு. மிச்ச மூணு காலும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அந்தக் காலு உங்க வீட்டுக்கு" என்றார் மாம்பெத் பெருந்தன்மையாக.

அன்றிலிருந்துதான் நடை. முதலில் கணவனைத்தான் நடத்தச் சொன்னாள். ஜுமாகதிர் ஒரே ஒரு நாள் போனான். கடை வாசலில் மூன்று பேர் எழுந்து நின்று அவனுக்குத் துக்கம் விசாரித்தார்கள். அடுத்த நாள் இடுப்பு வலிக்கிறது என்றான். அவள் அவனுடைய கடிகாரத்தைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால், அதுவரை அவளுக்கு அந்தக் குதிரைமேல் பிரியம் ஒன்றும் கிடையாது. புல்லைத் தின்னும், ஆட்டத்துக்குப் போகும், வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வரும், அவ்வளவுதான். கொல்லையில் நின்ற ஒரு பிராணி. நடக்க நடக்கத்தான் ஒட்டிக்கொண்டது. பனிமூட்டக் காலையில் அதன் மூச்சு தன் தோளில் சூடாகப் படுவது அவளுக்குப் பிடித்திருந்தது. லாரி வந்தால் அது அவளுக்குப் பின்னால் ஒளியப் பார்க்கும், ஒளிய முடியாது, ஆனாலும் பார்க்கும். அக்டோபர் மாதத்தில் அது பாலத்தருகே தானாகவே நிற்கப் பழகிவிட்டது. "இன்னும் இருபது செகண்டு இருக்கு" என்று கண்டித்து, அந்த இருபது செகண்டுக்குப் பாலத்தின்மேல் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டி வருவாள். அது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரும். நவம்பரில் சாலை உறைந்தபோது அடுப்புச் சாம்பலை இரண்டு வாளியில் எடுத்துப்போய், குதிரை நடக்கும் பாதை முழுக்கத் தூவினாள். தன் வீட்டுச் சாம்பல் போதாமல் ரீடிங் எடுக்கப் போன வீடுகளிலெல்லாம் சாம்பல் கேட்டு வாங்கினாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் வீடுகளிலிருந்து கையோடு வாங்கிப்போனது அது ஒன்றுதான்.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஓய்வாக நிற்கிற குதிரை கொழுக்கும். டீ குடிக்க வருகிறவர்களெல்லாம் கொட்டாய்ப் பக்கம் ஒரு நடை போய், நோயாளியைப் பார்க்கிற முகத்தோடு கழுத்தைத் தடவுவார்கள். கை தானாக விலாவுக்கு இறங்கும். இந்த ஊரில் விலாக் கொழுப்பைக் கைவிரலை அடுக்கித்தான் அளப்பார்கள்.

"பாவம், ரெண்டு விரல் இருக்கும்."

"மூணு சொல்லலாம். பாவம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். சுயும்கான் புல்லைத் தராசில் நிறுத்துப் போட்டாள். அப்படியும் விரல் கூடிக்கொண்டே போனது. தான் நிறுத்துப் போட்டதற்கும் உடம்பு காட்டுவதற்கும் கணக்கு இடிக்கிறதே என்று அவளுக்கு உறுத்தியது. கம்பியை வெளியே வளைத்தவனைப் பிடித்தவள் இதையா விடுவாள்? ஒரு மதியம் தீவனத்தொட்டியின் அடியைத் துழாவியபோது வாற்கோதுமை கையில் வந்தது. நேராகப் போய் ஜுமாகதிரின் முன்னால் உள்ளங்கையை விரித்தாள்.

"கத்திக்குத் தயார் பண்றீங்களா?"

ஜுமாகதிர் மறுக்கவில்லை. அவனுக்குப் பொய் சொல்ல வராது, சோம்பல் வரும்.

"இல்ல சுயும். யோசிச்சுப் பாரு. பொழச்சுதுன்னா தெம்பு வேணும். பொழைக்கலேன்னா கொழுப்பு வேணும். வாற்கோதுமை ரெண்டுக்கும் ஆகும்."

மதில்மேல் பூனை என்பார்களே, இந்த மனிதர் மதில்மேலேயே குடித்தனம் நடத்துகிறவர். அவள் வாற்கோதுமை மூட்டையைத் தூக்கிப்போய் அலுவலகத்தில், மீட்டர் பெட்டிகள் வைத்திருக்கும் அறையில் பூட்டினாள்.

நவம்பர் கடைசியில் மெலிஸ் மறுபடியும் வந்து ஸ்கேன் பார்த்தார். கறுப்பு ஓட்டை சாம்பல் நிறமாகியிருந்தது. சுயும்கான் திரையைத் தன் மூக்கு படுகிற தூரத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். "பாதிக்கு மேல ஆறிடுச்சு" என்றார் அவர். "அடுத்த மாசம் ஓட்டிப் பாத்தா கொஞ்சம் நொண்டத்தான் செய்யும். பயப்படாதீங்க. அது ஆறிக்கிட்டு இருக்கிற நொண்டல். மார்ச்சுக்குள்ள எவனாவது மேல ஏறி ஒரு ஆட்டம் ஆடினான்னா மொதல்லேருந்து வரும். அப்ப என்னைக் கூப்பிடாதீங்க." அவள் இதை அப்படியே மாம்பெத்திடம் போய்ச் சொன்னாள். மாம்பெத்துக்கு அது எடுபடவில்லை.

"திரையில தெரிஞ்சா போதுமா? உலாக் டீவியிலயா ஆடுறாங்க? ரோட்டுல ஓடணும். பன்னெண்டாந்தேதி பாப்போம்."

பன்னிரண்டாம் தேதி நல்ல வெயில். அவள் வீட்டு முற்றத்தில் பனியைத் தள்ளி ஒதுக்கியிருந்தார்கள். மற்ற மூன்று குடும்பத்துப் பெண்கள் குடல் கழுவும் தட்டுகளோடு வந்து, அண்டாவில் தண்ணீர் சுட வைத்துவிட்டு, சூரியகாந்தி விதைகளைக் கொறித்துக்கொண்டு நின்றார்கள். மாம்பெத் இரண்டு கத்திகளைக் கம்பளித் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். சுயும்கான் காலை நடையை முடித்துக் குதிரையின் முதுகைத் துடைத்திருந்தாள். அதற்குப் பதற்றம் ஒன்றுமில்லை. அவள்தான் துடைத்த முதுகையே மறுபடி துடைத்தாள்.

ஜுமாகதிர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தார்ச்சாலையில் நாற்பது அடி ஓடிப்போய்த் திரும்பி ஓடி வந்தான். குதிரை கூடவே துள்ளி ஓடியது. மாம்பெத் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பின்னங்கால் நொண்டல் கண்ணுக்குச் சுலபத்தில் அகப்படாது. மறுபடி ஓடச் சொன்னார். மூன்றாம் தடவை ஓடச் சொன்னபோது ஜுமாகதிர்தான் நொண்டினான்.

"எனக்குச் சரியாப் புடிபடல" என்றார் மாம்பெத் கடைசியில். அதை ஒத்துக்கொள்ள அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்; சத்தமாகச் சொன்னார். "ஏம்மா, காது உன்னோடது. நீ கேட்டுச் சொல்லு. நீ சொன்னா சொன்னதுதான்."

கூட நின்ற பெண்களில் ஒருத்தி, "அவ குதிரைக்குத்தானே அண்ணே பேசுவா" என்றாள்.

மாம்பெத் திரும்பி அவளை முறைத்தார். "என் வீட்டுக் கரண்டையே வெட்டினவ இவ. நாலு காலுள்ள ஒண்ணுக்காகப் பொய் சொல்லப் போறாளா?"

சுயும்கான் சாலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கண்ணை மூடினாள். ஜுமாகதிர் ஓடினான். குளம்புகள் தூரப் போயின, திரும்பின, கிட்டே வந்தன. கனம், லேசு. கனம், லேசு. செப்டம்பரில் ஒன்று பத்து என்றால் மற்றது ஆறு இருந்தது. இப்போது ஒன்பது. ஆனால் ஒன்பது ஒருநாளும் பத்தாகாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? முந்நூற்று நாற்பது வீட்டுக்கும் அவள் சொல்லிவந்தது அதைத்தான்.

"சமம்" என்றாள்.

சொன்னதும் காது மடல் இரண்டும் சுட்டது. வானம் இடிந்து விழவில்லை. அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மாம்பெத் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கத்திகளைக் கம்பளியில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். "சரி, என் மலட்டுப் பெட்டையை அடிச்சுடலாம். அது எப்படியும் இந்த வருசம் குட்டி போடல" என்றார். பெண்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். சுயும்கான் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாம்பெத் அதே மூச்சில் தொடர்ந்தார்.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை கீழ்க்கரைக்காரங்களோட உலாக். நமக்கு ஒரு குதிரை குறையுதேன்னு ரெண்டு நாளா தூக்கமில்ல. மூணரை மாசம் நின்னு தின்னுருக்கு, புலி மாதிரி பாயும். டேய் ஜுமாகதிர், சேணத்தை வெளிய எடுத்துப் போடு. தோல் காஞ்சிருக்கும், எண்ணெய் போடணும்."

அவள் கத்தியை மட்டும்தான் யோசித்திருந்தாள். சேணத்தை யோசிக்கவில்லை. நொண்டினால் அண்டா, நொண்டாவிட்டால் ஆட்டம். நடுவில் நடந்துகொண்டிருக்கிற குதிரைக்கு இந்த ஊரில் இடமே இல்லை. இப்போது வாயைத் திறந்து இல்லை, நொண்டுகிறது என்றால் கம்பளி பிரியும். திறக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இருபது குதிரைகளுக்கு நடுவில், உறைந்த திடலில், அந்தச் சாம்பல் நிற நார் முதல் இடியிலேயே பிய்ந்துவிடும். தொண்ணூறு நாளுக்கு மேல் நிமிடம் நிமிடமாகக் கூட்டிச் சேர்த்தது. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கயிற்றைக் கையில் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றான்.

சுயும்கான் கொட்டாய்க்குள் போனாள். ஆட்டு மயிர் வெட்டும் பெரிய கத்திரியோடு வெளியே வந்தாள். குதிரையின் பின்பக்கம், உதை படாமல் ஓரமாக நின்று, வால் முடியை அள்ளிப் பிடித்தாள்.

வாலறுந்த குதிரையில் ஏறி ஆண்கள் கூடுகிற இடத்துக்குப் போகிறவன் இந்தப் பள்ளத்தாக்கில் இதுவரை பிறக்கவில்லை. சாவு வீட்டுக் குதிரைக்குத்தான் அந்தக் காலத்தில் வாலை வெட்டுவார்கள். உறவு முறிந்தது என்பதையே இங்கே வாலை அறுத்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்வார்கள். புருஷன் உயிரோடு எதிரில் நிற்க, பெண்டாட்டி அவன் குதிரை வாலில் கத்திரியை வைப்பது என்றால், அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். ஒருத்தியின் தட்டு பனியில் விழுந்தது.

"ஏய்! என்னம்மா பண்றே?" என்று கத்தினார் மாம்பெத். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"வைத்தியம்" என்றாள் சுயும்கான்.

ஆனால் குதிரை வால் ஆட்டு மயிர் இல்லை. ஈரமாகவும் முரடாகவும் இருந்தது. கத்திரி கடித்துக் கடித்து வழுக்கியது. இரண்டு கையாலும் கத்திரியை அழுத்தினால் வால் நழுவியது; வாலைப் பிடித்தால் கத்திரி வெட்டவில்லை. குதிரை வேறு என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு வாலை வீசியது. நாலைந்து முடி அறுந்து பனியில் விழுந்தது. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கை இல்லை.

மாம்பெத் தம்பியைப் பார்த்தார். "பாத்துக்கிட்டு நிக்கிறியே. உன் மானமில்ல போகுது. தடுடா!"

ஜுமாகதிர் அண்ணனிடம் வந்தான். கயிற்றை அவர் கையில் கொடுத்தான். மாம்பெத் பழக்க தோஷத்தில் வாங்கிக்கொண்டு, கக்கத்தில் கத்தியும் கையில் குதிரையுமாக நின்றார். ஜுமாகதிர் குதிரையைச் சுற்றிப் பின்பக்கம் போனான். மனைவியின் கையிலிருந்து வாலைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி, முறுக்கி, கத்திரிக்கு வாகாக இழுத்துப் பிடித்தான். கத்திரி வைத்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, பிடியை ஒரு சாண் மேலே ஏற்றினான்.

"இங்க வெட்டு" என்றான். "அங்க வெட்டினா மார்ச்சுக்குள்ள வளந்துடும்."